டிவி செய்தியின் 'சட்டகம்' அரசுக்கான ஆதரவை எப்படி மாற்றுகிறது?

ஒரு விஷயத்தில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற தேர்வுதான் சட்டகம். கல்யாண வீடியோவில் கேமரா மேடையை விட்டு நகராவிட்டால், பந்தியில் சாம்பார் தீர்ந்தது பதிவாகவே ஆகாது.

அமெரிக்காவில் அரசியல் அறிஞர் ஷாந்தோ ஐயங்கார் 1980-களில் இதைச் சோதித்தார். கஷ்டப்படும் ஒரே ஒருவரைக் காட்டிய செய்தியைப் பார்த்தவர்கள், வறுமைக்குப் பெரும்பாலும் ஏழைகளையே காரணமாக்கினார்கள். நாடு முழுக்க வறுமை எப்படிக் கூடுகிறது, நலத்திட்டச் செலவு எப்படிக் குறைகிறது என்று காட்டியபோது பொறுப்பு அரசு, சமூகம் பக்கம் திரும்பியது. திரையில் ஒரு முகம் மட்டும் இருந்தால் அவருடைய குணத்தைத்தான் எடைபோடுவோம். கொள்கை கண்ணில் படாது. இரண்டு நிமிடச் செய்தியில் பின்னணிக்கு இடமில்லாததால் முதல் வகையே அதிகம் வருகிறது. அதில் ஆட்சியாளர்கள் கேள்வியிலிருந்து தப்பிவிடுகிறார்கள்.

பலர் சட்டகம் என்றால் பொய்ச் செய்தி என்று நினைக்கிறார்கள்; ஆனால் காட்டிய ஒவ்வொரு காட்சியும் உண்மையாகவே இருக்கலாம்.