சீலியாக் இருந்தால் இதயக் குழாய் அடைக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. சீலியாக் நோய்க்காக (கோதுமை போன்ற தானியங்களின் குளூட்டன் புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய்) நான்கு வருடமாகக் கோதுமை, மைதா தொடுவதில்லை. இப்போது அடிக்கடி படபடப்பு வருகிறது. சீலியாக் உள்ளவர்களுக்கு இதயக் குழாய் அடைக்கும் என்று ஒரு பரிசோதனை மையத்தில் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? - வாசகி, பெரம்பூர்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பிரிட்டனில் 2023-ல் வெளியான பெரிய ஆய்வில், சீலியாக் உள்ளவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் மற்றவர்களைவிடச் சுமார் 27 சதவீதம் அதிகமாகத் தெரிந்தன. ஆனால் 29 வயதில் அந்த அபாயமே மிகச் சிறியது. கால் பங்கு கூடினாலும் சிறியதுதான். இதைச் சொல்லாமல் பயமுறுத்தி ஸ்கேனுக்கு அனுப்புவதும், அனுப்பியவருக்குக் கமிஷன் போவதும் இந்த ஊரில் சகஜமாகிவிட்டது. கேட்க ஆளில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

படபடப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. சீலியாக்கில் குடல் இரும்புச்சத்தைச் சரியாக உறிஞ்சாது. ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். தைராய்டு கோளாறும் கூடவே வரக்கூடியது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), பி12, ஃபோலேட், தைராய்டு, ஒரு ஈ.சி.ஜி. போதும். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சிரைப்பு என்றால் மட்டும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அப்புறம், டி.டி.ஜி. ஆன்டிபாடி பரிசோதனை. சீலியாக் உள்ளவர் உடலில் குளூட்டன் போனால் கூடும் எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை அது. அது நார்மல் என்று வந்தால் நல்ல அறிகுறிதான்; ஆனால் அதை மட்டும் வைத்துக் குடல் ஆறிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு, கவனமாகக் கேளுங்கள். சிலருக்கு உடலில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதமே மிகக் குறைவு. அவர்களுக்குக் குடல் புண்ணாகவே இருந்தாலும், ஐ.ஜி.ஏ. வகையை அளக்கும் வழக்கமான டி.டி.ஜி. பரிசோதனை நார்மல் என்று காட்டிவிடலாம். மகளின் மொத்த ஐ.ஜி.ஏ. அளவை முன்பே பார்த்திருக்கிறார்களா என்று பழைய ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எடுத்துவிடுங்கள். பல பேக்கேஜ்களில் அது இருக்காது.

ஆன்டிபாடி அதிகமாக வந்தால் சமையலறையைத் தேடுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் போகிறது அல்லவா? மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைப் போட்டாலும் அதே கதைதான். கேழ்வரகை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.