எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகள்: கேள்வி பதில்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 19 வருடமாகச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். பேச்சு தாமதப்படும் பிள்ளைகள், வாசிக்கத் திணறும் பிள்ளைகள், கணக்கு நோட்டைத் திறந்தாலே கண் கலங்கும் பிள்ளைகள், இவர்களோடுதான் என் பகல் போகிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

மன்னார்குடி, ஒரு அம்மா: அக்கா, பையன் மூணாவது படிக்கிறான். தமிழ்ப் பாடத்தைக் கடகடன்னு ஒப்பிக்கிறான். ஆனா தெரியாத ஒரு வரியை நீட்டினா படிக்க மாட்டேங்கிறான். மிஸ் சோம்பேறிங்கிறாங்க. அவங்க அப்பா அடிக்கிறாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

முதலில் அந்த அடியை நிறுத்தச் சொல்லுங்கள் தங்கச்சி. சோம்பேறிப் பிள்ளை ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு நிற்காது. உங்கள் பையனுக்குக் காது வழியாகப் போனது நிற்கிறது. கண் பார்க்கிற எழுத்து ஒலியாக மாறத்தான் மறுக்கிறது. அந்த ஓட்டையை மூட அவன் மனப்பாடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அது எவ்வளவு உழைப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

இதே போல ஒரு பையன் போன மாதம் என் முன்னால் உட்கார்ந்து பாடம் வாசித்தான். தட்டுத் தடங்கல் இல்லை. ஆனால் வாய் மூன்றாம் வரியில் இருக்கும்போது விரல் முதல் வரியிலேயே நின்றது. அதே பாடத்துச் சொற்களைச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டேன். 'மரம்' வந்தது, 'குளம்' வந்தது. 'தொட்டில்' சீட்டை எடுத்தவன் 'தெ' என்றான், நிறுத்தினான், என் முகத்தைப் பார்த்தான், 'தெட்டில்' என்றான். அடுத்து அர்த்தமே இல்லாத சொற்களைக் கொடுத்தேன்: பதிமு, நொகடை, சேலுபா. இவற்றை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. எழுத்தைப் பார்த்து ஒலியைக் கூட்டித்தான் ஆக வேண்டும். 'நொகடை' அவன் வாயில் 'நெகாடை' ஆனது. கொம்பை மட்டும் 'நெ' என்று படித்துவிட்டு, துணைக்காலை அடுத்த எழுத்துக்குக் கொடுத்துவிட்டான்.

இது தமிழுக்கே உரிய தடுக்கல். 'கொ' எழுதும்போது கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்' ஒலியை. எல்லாப் பிள்ளைகளும் இங்கே கொஞ்ச நாள் தடுக்கி விழுந்துதான் எழுந்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் பாதி தாண்டியும் அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால் பரிசோதிக்க வேண்டும்.

இன்னொன்றை இன்றைக்குச் சாயங்காலமே பாருங்கள். புத்தகம் வேண்டாம், பேனா வேண்டாம். "தாமரையில் தா-வை எடுத்துட்டா என்ன மிஞ்சும்?" என்று கேளுங்கள். "பல் என்ற சொல்லில் முதல் ஒலிக்குப் பதில் க் போட்டா?" என்று கேளுங்கள். மரை, கல் என்று விளையாட்டாக வந்துவிட்டால் நல்லது. பல முறை செய்து காட்டியும் வரவில்லை என்றால், சிக்கல் கண்ணில் இல்லை, ஒலியைப் பிரித்துப் பிடிக்கும் இடத்தில் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். வாசிப்புக் குறைபாட்டில், அதாவது டிஸ்லெக்சியாவில், பெரும்பாலும் வேர் அங்கேதான். இது சந்தேகம் மட்டும். முடிவு சொல்ல முறையான பரிசோதனை வேண்டும். அதன் விவரம் மயிலாடுதுறைக் கேள்வியில் இருக்கிறது.

திருத்துறைப்பூண்டி, ஒரு தாத்தா: பேத்தி நாலாவது. பழத்தைப் 'பளம்' என்றும் வாழையை 'வாளை' என்றும் எழுதுகிறாள். இதுவும் அந்தக் குறைபாடுதானா?

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லை ஐயா. வீட்டிலும் தெருவிலும் 'பளம்' என்றே கேட்கிற பிள்ளை, காதில் விழுந்ததை அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறாள். அவள் காது நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ல ள ழ, ர ற, ந ன ண குழப்பம் எழுதிப் பழகப் பழகச் சரியாகும். அதே சொல்லை 'பம்' என்று நடு எழுத்தை விழுங்கி எழுதினாலோ, 'பமழ்' என்று புரட்டினாலோ, காலையில் ஒரு விதம் மாலையில் ஒரு விதம் எழுதினாலோ நான் கவனிப்பேன்.

நோட்டில் எத்தனை சிவப்புச் சுழி என்பது எனக்கு முக்கியமில்லை. எந்த மாதிரித் தப்பு என்பதுதான் வழிகாட்டும். 'வந்துவிட்டது' என்று அச்சிட்டிருப்பதைச் சில பிள்ளைகள் 'வந்துடுச்சு' என்று வாசிப்பார்கள். நாம் அதைத் தப்பு என்று அடிக்கிறோம். உண்மையில் அந்தப் பிள்ளை எழுத்தைப் படித்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சுக்கே மாற்றிச் சொல்லியிருக்கிறது.

ஒரு சிறு விஷயமும் சொல்கிறேன். உங்கள் வயதுக்காரர்கள் பலர் லை, னை எழுத்துகளை யானைத் தும்பிக்கை வைத்துத்தான் இன்னும் எழுதுகிறீர்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு பாடப்புத்தகத்தில் அந்த வடிவம் இல்லை. பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் புதிய வடிவத்தில் எழுதிக் காட்டுங்கள்.

பேராவூரணி, ஒரு அம்மா: பாப்பாவுக்கு ரெண்டே கால் வயசு. 'அம்மா', 'தா' ரெண்டுதான் சொல்றா. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. மாமியார் வசம்பு தடவுறாங்க, கூத்தனூர் போயிட்டு வந்தா பேச்சு வந்துடும்கிறாங்க. அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாராம்.

கூத்தனூர் சரஸ்வதியைப் போய்க் கும்பிட்டு வாருங்கள், மனசுக்குத் தெம்பாக இருக்கும். ஆனால் அதே வாரத்தில் காதுப் பரிசோதனையும் நடந்துவிட வேண்டும்.

ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வரும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொல்லும், 'பால் வேணும்', 'தாத்தா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்ப்பதும் எதிர்பார்க்கலாம். இரண்டே கால் வயதில் இரண்டு சொல் என்றால் காத்திருக்கக் கூடாது. அப்பா தாமதமாகப் பேசினார் என்பது ஆறுதல் இல்லை அம்மா. இந்தத் தாமதம் குடும்பத்தில் வரக்கூடியது, அதனாலேயே சீக்கிரம் பார்க்க வேண்டும்.

காதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இந்த வேலைக்கு வந்த புதிதில் நானே தப்பு செய்தேன். சொல் தெளிவில்லாத ஒரு ஆறு வயதுப் பையனுக்கு நாலு மாதம் எழுத்து ஒலி சொல்லிக்கொடுத்தேன். சொன்னதைக் கவனிக்கவில்லை என்று இரண்டு முறை அதட்டியும் இருக்கிறேன். பிறகுதான் நடுக்காதில் நீர் கட்டி அவனுக்குக் கேட்பதே மங்கலாக இருந்தது தெரிந்தது. அந்தப் பையனின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து காதும் கண்ணும் பார்த்த சீட்டு இல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. காது கேட்கிறதா என்று பார்க்க பெரா என்று ஒரு பரிசோதனை உண்டு. குழந்தை தூங்கும்போதே எடுப்பார்கள், வலி கிடையாது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாளா, காக்காயைப் பார்த்தால் 'பாரு' என்று உங்களையும் பார்க்க வைக்கிறாளா? இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். 16 முதல் 30 மாதம் வரை ஆட்டிசத்துக்கான ஒரு கேள்விப் பட்டியல் கேட்பார்கள், அதற்கு உதவும். வசம்பை நிறுத்திவிடுங்கள். பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை. வசம்பில் ஆசரோன் என்ற நச்சுப் பொருள் வேறு இருக்கிறது. அப்பா வீடியோ காலில் பேசட்டும், பாட்டுப் பாடட்டும். அது பதில் பேசுகிற மனிதர், தானாக ஓடுகிற கார்ட்டூன் மாதிரி இல்லை.

திருவையாறு: வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், அந்த மொழி இன்னும் காதில் போதுமான அளவு விழவில்லை, அவ்வளவுதான்.

வலங்கைமான், ஒரு ஆசிரியை: எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஒரு மாணவன் இரண்டு வருடமாக அரும்பு நிலையிலேயே இருக்கிறான். பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

டீச்சர், எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று வைத்திருக்கும் மூன்று நிலைகள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டும். ஏன் அங்கே நிற்கிறது என்று காட்டாது. அந்த 'ஏன்' உங்கள் கையில்தான் முதலில் தெரியும். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் பெற்றோருடன் ஊர் மாறிப் போன பிள்ளையாக இருந்தால் அது வாய்ப்பு இல்லாமை, குறைபாடு இல்லை. தவறாமல் வருகிறான், காதும் கண்ணும் சரி, கதை சொன்னால் புரிந்துகொள்கிறான், எழுத்து மட்டும் நிற்கவில்லை என்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். பெற்றோரிடம் 'உங்க பிள்ளைக்குக் குறை' என்று ஆரம்பிக்க வேண்டாம். அவன் நன்றாகச் செய்யும் ஒன்றைச் சொல்லிவிட்டு நோட்டை விரித்துக் காட்டுங்கள்.

மயிலாடுதுறை, ஒரு அப்பா: பரிசோதனை எங்கே செய்வது? ஒரு சென்டரில் அரை மணி நேரத்தில் ரிப்போர்ட் கொடுத்துப் பெரிய தொகை வாங்கிவிட்டார்கள்.

அரை மணி நேரத்தில் இதைச் செய்ய முடியாது சார். அறிவுத்திறன் சோதனை, பிறகு வாசிப்பு, எழுத்து, சொல்வதை எழுதுதல், படித்துப் புரிதல், கணக்கு, நினைவு, கவனம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு பரவலாகப் பயன்படுகிறது. 5 முதல் 7 வயதுக்கு ஒரு நிலை, 8 முதல் 12 வயதுக்கு ஒரு நிலை. பிள்ளை களைத்தால் இரண்டு, மூன்று நாளாகப் பிரித்துத்தான் செய்வோம்.

பரிசோதிப்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அடுத்து, எந்த மொழியில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் பத்தியை மட்டும் நீட்டி 'டிஸ்லெக்சியா' என்று எழுதிய ரிப்போர்ட்டுகளை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கோபம்தான் வருகிறது. பிள்ளை என்ன தப்பு செய்தது, அடுத்த மூன்று மாதம் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கமாவது எழுதாத ரிப்போர்ட்டால் வகுப்பாசிரியருக்கு ஒரு பயனும் இல்லை.

மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். செலவில்லாத வழி அது. கற்றல் குறைபாடு என்ற சான்றிதழுக்கான பரிசோதனையைப் பொதுவாக 8 வயது, மூன்றாம் வகுப்பு அளவில்தான் செய்வார்கள். உதவி தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

பாபநாசம்: கணக்கில் மட்டும் பூஜ்யம். மற்றதெல்லாம் நன்றாகப் படிக்கிறாள்.

'முப்பத்தேழு' எழுதச் சொல்லுங்கள். 307 என்று எழுதினால் கேட்டதை அப்படியே 30, 7 என்று வைக்கிறாள், இடமதிப்பு உட்காரவில்லை. 8, 5 இரண்டில் எது பெரிது என்பதற்கே விரல் விட்டு எண்ணுகிறாளா என்றும் பாருங்கள். நாலாவது, ஐந்தாவதிலும் அப்படியே என்றால் கணக்குக் குறைபாட்டுக்குத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதுவரை புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டி வைத்துப் பழக்குங்கள்.

திருவாரூர்: யு.கே.ஜி. பையன் சில எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதுகிறான்.

அந்த வயதில் அது சகஜம். ஏழு வயதுக்கு மேலும் நிறையத் தொடர்ந்தால் பாருங்கள். அவன் இடது கையால் எழுதுகிறவன் என்றால் அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டாம்.

நாகப்பட்டினம், ஒரு அம்மா: மகள் ஒன்பதாவது. சான்றிதழ் வாங்கினால் நாளைக்குக் கல்யாணத்துக்குப் பிரச்சினை வருமோன்னு வீட்டில் பயப்படுறாங்க.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சான்றிதழை யாரும் வாசலில் ஒட்டப் போவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் இது கிடையாது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் 'மக்கு' என்ற பேரோடு பள்ளியை விட்டுப் போனார்கள். சான்று இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தலைமையாசிரியர் மூலம் கேட்கலாம். கேள்வி புரிந்தும் எழுதி முடிக்க நேரம் போதாமல் தோற்கிற பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது! அவளையும் உட்கார வைத்துக் கேளுங்கள், முடிவில் அவளுக்கும் பங்கு உண்டு.

பட்டுக்கோட்டை, படிக்கிற பையன்: மிஸ், நான் பத்தாவது முடிச்சுட்டு ஐ.டி.ஐ. போறேன். எனக்கு வாசிக்க இன்னும் கஷ்டம்தான். வகுப்புல எல்லாரும் சிரிப்பாங்க. இப்ப டெஸ்ட் எடுத்தா பிரயோஜனம் இருக்கா?

இருக்கு தம்பி. டெஸ்ட் எடுக்க வயது தாண்டிப் போகவில்லை. வாசிப்பு உனக்கு ஏன் கஷ்டம் என்பதற்கு ஒரு பெயர் கிடைக்கும். அது உன் புத்தியின் அளவு இல்லை என்று காகிதத்தில் எழுதி உன் கைக்கு வரும். ஐ.டி.ஐ.யில் பாடத்தைப் போனில் சத்தமாகப் படிக்க வைத்துக் கேள், வரைபடத்தைப் பார்த்துக் கேள்வி கேள், புரியாத சொல்லை மட்டும் தனி நோட்டில் எழுதி வை. டெஸ்ட்டுக்குப் போகும்போது உன் பழைய நோட்டுகள் இருந்தால் எடுத்துக்கொண்டு போ, ஒன்றாம் வகுப்பு நோட்டாக இருந்தாலும் சரி. சிவப்பு மை அதிகம் இருக்கிறது என்று வெட்கப்பட்டு எதையும் விட்டுவிடாதே. பரிசோதிப்பவருக்கு அந்தப் பக்கங்கள்தான் வேண்டும்.