ரப்பர் சட்டையும் கடல் தண்ணீரும் – கேள்வி பதில்

கேள்வி: ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ படத்தைப் போன இதழில் ஒரேயடியாகத் தூக்கி வைத்துவிட்டீர்களே, சார்? பிள்ளைகள் பார்க்கிற பூச்சாண்டிப் படம்தானே அது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பிள்ளைகளோடு உட்காராதீர்கள், பாதியில் எழுந்து போய்விடும். கடலிலிருந்து எழும்பி வரும் ராட்சச மிருகம்தான் காட்ஜில்லா; ஆனால் படம், இரண்டாம் உலகப் போரில் சாகப் போக வேண்டிய ஜப்பான் விமானி ஒருவன், விமானத்தில் கோளாறு என்று பொய் சொல்லித் தப்பித்து வந்து, உயிரோடு இருப்பதற்கே கூசிக்கொண்டு வாழ்கிற கதை.

ஆனால் நான் விழுந்தது கதையில் இல்லை, தண்ணீரில். இந்தப் பகுதிக்கு எழுத வருமுன் கோடம்பாக்கத்தில் மினியேச்சர் செட் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ஒரு பக்திப் படத்துக்குக் கடல் பொங்கிக் கோயிலை மூழ்கடிக்க வேண்டும். தகரத் தொட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒன்றரை அடிக் கோபுரம், மேலிருந்து நாலு வாளித் தண்ணீர். திரையில் போட்டுப் பார்த்தால் கோபுரக் கலசத்தில் பலாக்கொட்டை சைஸுக்கு ஒரு சொட்டு தொங்குகிறது! கோபுரத்தைக் குறுக்கலாம், சொட்டைக் குறுக்க முடியாதே. ஹைஸ்பீடில் எடுத்து, திரையில் மெதுவாக ஓடவிட்டு ஓரளவு ஒப்பேற்றினோம். டைரக்டர் என்னை ஒரு வாரம் ‘பலாக்கொட்டை’ என்றே கூப்பிட்டார்.

அன்றிலிருந்து எந்தப் படமானாலும் என் கண் முதலில் தண்ணீருக்குத்தான் போகும். கண்ணிவெடி பொறுக்குகிற ஓட்டை மரப்படகை அந்த மிருகம் துரத்திக்கொண்டு வருகிறதே, கழுத்தில் பட்டு அலை கிழிகிற அழகைப் பாருங்கள். சொட்டு, சொட்டாகவே இருக்கிறது; மலை, மலையாகவே இருக்கிறது. குழுவில் ஓர் இளைஞர் வீட்டில் விளையாட்டாகக் கம்ப்யூட்டரில் கடலலை செய்து பழகியதைப் பார்த்த பிறகுதான் டைரக்டர் தகாஷி யமசாகி கடல் காட்சிகளைக் கூட்டினாராம். கம்ப்யூட்டர் காட்சி வேலைக்கு மொத்தம் 35 பேர், 610 ஷாட். 2024 மார்ச்சில் ஆஸ்கர். டைரக்டரே விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது ஸ்டான்லி குப்ரிக்குக்குப் பிறகு இவர்தான்.

ஒரு விஷயம். படத்தின் ஆரம்பத்தில் ஆழ்கடல் மீன்கள் வயிறு வாய் வழியாகப் பிதுங்கி மிதக்கும். காசிமேட்டுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்தால் அழுத்தம் குறைந்து அப்படித்தான் ஆகும். அந்த மீன்களை மறந்துவிடாதீர்கள். இதற்கு மேல் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள்.

கேள்வி: ரப்பர் சட்டை போட்டு ஆடிய பழைய காட்ஜில்லா இப்போது பார்த்தால் சிரிப்பு வரவில்லையா?
– கல்லூரி மாணவர், குரோம்பேட்டை

பதில்: 1954-ல் வந்த முதல் காட்ஜில்லா படத்துக்கு நடிகர் ஹருவோ நகஜிமா முதலில் போட்டுப் பார்த்த சட்டை கிட்டத்தட்ட 100 கிலோ. யானையும் கரடியும் எப்படிக் கால் வைக்கின்றன என்று டோக்கியோ மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்ப் பார்த்துப் பழகிக்கொண்டு வந்து, ஆர்க் விளக்குச் சூட்டில் அதற்குள் நின்றார் மனிதர். நீங்கள் ஒரு கரடி வேஷம் கட்டி, மே மாத மத்தியானம் பாண்டி பஜாரில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள், பிறகு சிரிப்பைப் பற்றிப் பேசலாம். அந்த உறுமல்கூட, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் வாத்தியத்தின் தந்தியை இழுத்து எடுத்ததுதான். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனை. அவருடைய பழைய மெட்டு ‘மைனஸ் ஒன்’ படத்திலும் வருகிறது. எனக்குப் புல்லரித்தது.

கேள்வி: காட்ஜில்லா மெரினாவில் கரையேறினால்?
– வாசகி, ராயபுரம்

பதில்: முதலில் செல்ஃபி எடுக்கக் கூட்டம் சேரும். ஆனால் கடலிலிருந்து வந்த பயம் இந்த ஊருக்குப் புதிதில்லையம்மா. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. இன்றும் பொல்லாதவனை ‘சரியான எம்டன்’ என்கிறோம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதி ஊர் காலி. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று, மூர் மார்க்கெட் பக்கத்து உயிர்க்காலேஜில், அதாவது அன்றைய மிருகக்காட்சிச் சாலையில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானுக்குப் பயந்து நாம் மிருகத்தைச் சுட்டோம். பன்னிரண்டு வருஷம் கழித்து, அணுகுண்டுக்குப் பயந்த ஜப்பான் ஒரு மிருகத்தைச் செய்தது.

கேள்வி: படத்தில் குறையே இல்லையா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உண்டு. ஹீரோ தொண்டை கிழியக் கத்தி அழுகிற இடங்களில் பாதியை வெட்டியிருக்கலாம். கடைசிக் காட்சியின் சௌகரியமும் எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: வீட்டம்மாவும் பார்த்தார்களா?
– அதே ராயபுரம் வாசகி

பதில்: பார்த்தாள். டோக்கியோவின் கின்சா பகுதிக் கட்டடங்கள் நொறுங்கும்போது காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹீரோ வீட்டில் வளர்கிற அந்த அநாதைக் குழந்தை தனியாக நிற்கிற காட்சி வந்ததும் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு, “இவன் பாட்டுக்குச் சண்டைக்குப் போறானே, அதுக்கு யாருங்க சாதம் ஊட்டுவா?” என்று மூன்று தடவை கேட்டாள்.