ஆற்றங்கரையை மாலைக்கு வைக்காதீர்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. கோவை வடவள்ளியில் இருக்கும் சித்திக்கு மூன்று மாதத்துக்கு முன் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா இன்னும் போய்ப் பார்க்கவில்லை. இருவரும் சிறு வயதில் பேரூரில் வளர்ந்தவர்கள். "அவளோடு ஒரு தடவை ஆத்தங்கரையில நடக்கணும்" என்று ஆடி பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் மாடு இருப்பதால் தங்க முடியாது, ஒரே நாளில் திரும்ப வேண்டும். மலை இறங்கும்போது அம்மாவுக்கு வாந்தி வரும். தம்பி கார் ஓட்டுவான். காலை 9 மணிக்குக் கிளம்பி, மதியம் சித்தி வீட்டில் சாப்பாடு, மாலை பேரூர் ஆற்றங்கரை, இரவு வீடு என்று யோசித்திருக்கிறோம். சரியாக வருமா?

பதில்: போய்விட்டு வந்துவிடலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முப்பது வருடம் இந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டியிருக்கிறேன். கீழே போகும் குடும்பங்கள் எல்லோருமே ஆற்றங்கரையை மாலைக்குத்தான் வைப்பார்கள். சித்தி வீட்டில் பேச்சு முடியாது, சாப்பாடு தாமதமாகும், மூணரை மணிக்குக் கிளம்ப வேண்டியது ஐந்தாகும். பிறகு ஆற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வருவார்கள், இல்லையென்றால் இருட்டில் மலை ஏறுவார்கள். உங்கள் அம்மா கேட்டதே அந்த நடையைத்தான். அதை நாளின் முதல் வேலையாக வையுங்கள்.

காலைக் கறவையை முடித்துவிட்டு 6 மணிக்கு வண்டி நகர வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், நிதானமாக இறங்கினால் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து கோவை நகருக்குள் போகவே வேண்டாம். கவுண்டம்பாளையத்தில் பிரிந்து இடையர்பாளையம் வழியாக வடவள்ளி போய்விடலாம். எட்டரை, எட்டே முக்காலுக்குச் சித்தி வீட்டு வாசலில் இருப்பீர்கள். ஒரு காபி குடித்துவிட்டுச் சித்தியையும் ஏற்றிக்கொண்டு பேரூர் போனால் 9 மணி சுமாருக்கு ஆற்றங்கரை. வெயில் ஏறியிருக்காது. பட்டீசுவரர் கோயிலும் திறந்திருக்கும். மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள், உங்களுக்கு அது பயன்படாது. அந்தக் கோயிலின் பழைய மரங்களான பிறவாப் புளியையும் இறவாப் பனையையும் இரண்டு பேரும் மறந்திருக்க மாட்டார்கள். பத்தரைக்கு வீடு திரும்பிவிட்டால், மூணரை வரை அக்காவும் தங்கையும் உட்கார்ந்து பேச ஐந்து மணி நேரம் இருக்கிறது.

நாள் தேர்வு இதைவிட முக்கியம். பதினெட்டாம் பெருக்கு அன்றும், ஆடி அமாவாசை அன்றும் பேரூர் படித்துறைப் பக்கம் போகாதீர்கள். அன்று திதி கொடுக்கவும் வழிபடவும் வரும் கூட்டத்தில் புது மூட்டோடு ஒருவரை நடக்க வைப்பது ஆபத்து. ஞாயிறும் வேண்டாம். செவ்வாய், புதன் போல ஒரு சாதாரண நாளாகப் பாருங்கள்.

நொய்யலைப் பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேரும் ஆறு அது. தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையில் பெய்தால் ஆடியில் தண்ணீர் ஓடும், இல்லையென்றால் மணலும் கோரையும்தான். வருடத்தில் பல மாதங்கள் அப்படித்தான் கிடக்கிறது. ஓடும்போதும் கழிவு நீர் கலந்துதான் வருகிறது, சடங்குக்கு வருபவர்கள் விட்டுப்போன துணிகளும் கரையில் கிடக்கும். அம்மா சின்னப் பெண்ணாகக் குடத்தில் மொண்ட தண்ணீர் இப்போது இல்லை. அதை அங்கே போய் நின்று பார்த்து மனம் உடைவதைவிட, வீட்டிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. முதல் நாள் சித்தி வீட்டில் யாரையாவது விட்டுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். வெள்ளம் என்றால் கரையே வேண்டாம், கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வறண்டிருந்தால் தைரியமாகப் போங்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கரையில் பேச விஷயம் இருக்கும்.

கொஞ்சம் தூரம் நல்ல சமதளத்தில் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், உக்கடம் பெரியகுளத்தின் நடைபாதை இருக்கிறது. பெஞ்சு உண்டு, பரந்த தண்ணீர் உண்டு, அதுவும் நொய்யல் பாசனத்துக் குளம்தான். ஆனால் ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு நான் பேரூரைத்தான் சொல்வேன்.

சித்தியின் கால். மூன்று மாதம் ஆகிவிட்டது என்றால் சமதளத்தில் நடப்பார், இருந்தாலும் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படித்துறையின் படிகளில் இறங்க விடாதீர்கள், ஈரப் படி வழுக்கும். மேலேயே நிற்கட்டும். வேறு எங்காவது ஒன்றிரண்டு படி ஏற வேண்டியிருந்தால் முதலில் நல்ல காலை வைக்க வேண்டும், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கீழே சம்மணம் போட்டு உட்காரவும் குந்தி உட்காரவும் கூடாது என்பதால் மடக்கு நாற்காலி இரண்டு எடுத்துப் போங்கள். இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் சித்தி அதில் உட்கார மாட்டார், அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருப்பார்.

இப்போது அம்மாவின் வாந்தி. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வரும். உள்காது அசைவை உணர்கிறது, கண் வண்டிக்குள் அசையாத பொருளைப் பார்க்கிறது; இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். அதனால் அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுத் தூரத்துச் சாலையையே பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கிளம்பும் முன் ஒரு இட்லி, இரண்டு இட்லி போதும். பால் காபியை மேட்டுப்பாளையம் தாண்டி வைத்துக்கொள்ளலாம். வாந்திக்கு மாத்திரை போடுவதென்றால் மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள். அந்த மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவைக்கும், வயதானவர் இறங்கி நடக்கும்போது தள்ளாடி விழுவார். அம்மா நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அன்று எத்தனை மணிக்குப் போடுவது என்பதையும் அப்போதே கேளுங்கள். தானாக நிறுத்திவிடக் கூடாது.

பாதி வேலை தம்பியின் கையில் இருக்கிறது. இரண்டாவது கியரில் இறங்கட்டும், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விடவே கூடாது. வளைவுக்குள் போய் பிரேக்கை மிதித்தால் உள்ளே இருப்பவர் வயிறு புரளும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு எப்போதும் வழி விட வேண்டும். அரவேணுவில் ஒரு தடவை, குஞ்சப்பனையில் ஒரு தடவை நிறுத்தி இரண்டு நிமிடம் காற்று வாங்கினால் போதும்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,450 மீட்டர் இறங்குகிறீர்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் கீழே சுமார் 9 டிகிரி சூடு கூடும். மேலே தாகமே எடுக்காத உடம்பு அது, அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். ஸ்வெட்டரைக் கழற்றிப் பையின் மேலாகவே வையுங்கள், திரும்பும்போது தேடக் கூடாது. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்களே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேரூரில் நன்றாகவே வீசும். காதைச் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு வேண்டும்.

திரும்பும் நேரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூணரைக்கு வடவள்ளி, 5 மணிக்குள் மேட்டுப்பாளையம். அங்கே எல்லோரும் கழிவறைக்குப் போய்விட்டு ஏறத் தொடங்குங்கள். குஞ்சப்பனை, முள்ளூர் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கே வரும், பொழுது சாய்ந்தபின் அந்த வளைவுகளில் எதிரே நிற்பது தெரியாது. யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். மாலைக் கறவைக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டால் உங்களுக்கும் பதற்றம் இருக்காது.

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைத் தாண்டும்போது நிறைந்த தண்ணீரைப் பார்த்ததும், ‘இங்கேயாவது கால் நனைக்கலாமே’ என்று அம்மாவுக்குத் தோன்றும். தயவுசெய்து இறங்காதீர்கள். மேலே பில்லூர் அணை இருக்கிறது. மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறந்தால், மேட்டுப்பாளையத்தில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளிலும் ஆறு மளமளவென்று ஏறும். முழங்கால் அளவில் நின்றவர்கள் கரை திரும்ப முடியாமல் போயிருக்கிறார்கள். பவானியை வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ‘நாங்களே கொண்டுவந்து விடுகிறோம்’ என்று சித்தி வீட்டார் அவர்கள் வண்டியை எடுத்தால், நீலகிரிக்குள் வர அதற்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச்சீட்டு வேண்டும். 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. நம் நீலகிரிப் பதிவெண் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் தேவையில்லை. கீழே வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கவர் எதையும் மேலே கொண்டுவராதீர்கள், சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் எடுத்துப் போங்கள். சித்திக்கு நம் ஊர் டீத்தூளும் கொஞ்சம் வர்க்கியும் போதும்.

கிளம்பும் முதல் நாள் இரவு சித்திக்குப் போன் செய்து ஒன்று சொல்லுங்கள். அக்கா வருகிறாள் என்று வடை பாயசத்தோடு விருந்து வைப்பார். அதைச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினால் அம்மா தாங்க மாட்டார். பன்னிரண்டரைக்கு ரசம் சாதமும் ஒரு பொரியலும் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வடையும் பாயசமும் தூக்குச்சட்டியில் வரட்டும், வீட்டுக்கு வந்து அம்மா சாப்பிட்டுக்கொள்வார்.