அயர்ன் மெய்டன்: மேடைப் புகழ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டனை மேடையில்தான் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, அவர்களுடைய 2025 கச்சேரிப் பயணத்தில் ரசிகர்கள் கைபேசியில் எடுத்த காணொளிகளைப் பார்த்தேன். ஏமாற்றம்தான். பாடல்கள் தறிகெட்டு ஓடுகின்றன. பாடகர் ப்ரூஸ் டிக்கின்சனின் குரல் உச்சத்தில் திணறுகிறது. எழுபதை நெருங்குபவர்களைப் பழைய பாசத்துக்காகக் கொண்டாடுகிறோமோ?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

ஓடுவது உண்மை. ஆனால் வயதைக் குற்றம் சொல்லாதீர்கள். முப்பதை ஒட்டிய வயதிலேயே அப்படித்தான் ஓடினார்கள். 1985-ல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்' என்ற மேடைப் பதிவு இசைத்தட்டைக் கேளுங்கள். பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் பதிவானது. போலந்தில் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு நீடித்த பயணத்தின் நடுவில் எடுத்தது. ஸ்டூடியோவில் வாசித்ததைவிட எல்லாமே ஒரு படி வேகம். டிக்கின்சன் மூச்சுக்குத் தவிப்பதும் கேட்கும். அவர்களுடைய மேடைப் புகழுக்கு அஸ்திவாரமே அந்தத் தட்டுதான். காலப்பிரமாணம் பிசகாத கச்சேரி வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

பாஸ் கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸை மட்டும் ஒரு பாடல் முழுக்கக் கவனியுங்கள். ஒரு காலை ஸ்பீக்கர் மேல் ஊன்றி, பாஸ் கிதாரைத் துப்பாக்கிபோலக் கூட்டத்தை நோக்கி நீட்டி, எதிரே மைக் இல்லாமலே ஒவ்வொரு வரிக்கும் வாயசைப்பார். அந்தக் குதிரைப் பாய்ச்சல் தாளம் வெறும் விரல்களிலிருந்து வருவது. பின்னால் டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெய்ன் வெறுங்காலோடு ஒற்றை பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். 2023-ல் பக்கவாதம் வந்த பிறகும், கைக்கு வராத சில உருட்டல்களை எளிமையாக்கிக்கொண்டு, 2024 டிசம்பர் சாவோ பாலோ கச்சேரி வரை வாசித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார்.

கைபேசியின் மைக்குக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. 2001-ல் ரியோவில் பதிவான 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாடலைக் கேளுங்கள். முதலில் வரும் கிதார் மெட்டுக்கு வார்த்தை கிடையாது. அதைத்தான் அத்தனை பெரிய கூட்டமும் பாடுகிறது. அதைக் கேட்டபின் 1992 ஸ்டூடியோப் பதிவுக்குத் திரும்பினால் பாதிப் பேர் வராத கல்யாணம்போல இருக்கும்.

எல்லாக் காலத்திலும் இப்படி இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். டிக்கின்சன் விலகியிருந்த தொண்ணூறுகளில் ப்ளேஸ் பேய்லி பாடினார். டிக்கின்சனின் குரலுக்கென்று அமைந்த பாடல்கள் அவருக்கு எட்டவில்லை. குழு சுருதியை இறக்கிக் கொடுக்கவும் இல்லை. குரல் போய்க் கச்சேரிகள் ரத்தாயின. சுருதியை இறக்க மறுத்ததைக் கொள்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீம்பு.

அதே வீம்புதான் 2006-ல் அப்போதைய புதிய தட்டு முழுவதையும் வரிசை மாறாமல் மேடையில் வாசிக்க வைத்தது. பழைய பாட்டுக்காக டிக்கெட் வாங்கியவர்களில் பலருக்குக் கோபம். அடுத்த மார்ச்சில் முதல்முறையாக இந்தியாவுக்கு, பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோதும் புதிய பாடல்களை விட்டுக்கொடுக்கவில்லை. பழைய பாசத்தை விற்கிறவர்கள் செய்யும் காரியமா இது?

2025 பயணம் வேறு கதை. முதல் ஒன்பது தட்டுகளின் பாடல்கள் மட்டும். 1992-க்குப் பிறகு எதுவும் இல்லை. அங்கே உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஆனால் நாக்கில் வந்த புற்றுநோயிலிருந்து 2015-ல் மீண்டவர் டிக்கின்சன். அவர் குரலை அந்தக் காணொளிகளை வைத்து எடைபோட வேண்டாம். கைபேசியைக் கீழே இறக்கிவிட்டுக் கச்சேரியைப் பாருங்கள் என்று ரசிகர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்ட பயணம் அது. நீங்கள் பார்த்ததெல்லாம் அந்த வேண்டுகோளைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள் எடுத்தவை.