காத்திருந்த நேரத்தில்தான் பேசினோம்: எம்.எம்.ஓ. ஆட்டங்கள் குறித்த கேள்வி பதில்

2005-ஆம் ஆண்டின் இறுதியில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற எம்.எம்.ஓ. ஆட்டத்தை ஆடத் தொடங்கினேன். ஆறு ஆண்டுகள் ஹீலராக, அதாவது குழுவினரின் காயங்களை ஆற்றுபவராக, ஆடியிருக்கிறேன். அவற்றில் நான்கு ஆண்டுகள் ஒரு கில்டின் (ஆட்டக்காரர்களின் நிலையான சங்கம்) ரெய்டுகளை (பலர் சேர்ந்து பெரிய எதிரிகளைத் தாக்கும் படையெடுப்புகள்) நடத்தும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. இணையத்தில் பல்லாயிரம் பேர் ஒன்றுகூடும் இந்த ஆட்டங்களில் பேச்சு ஏன் அருகிப்போனது என்று நம் குழு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, நான் 2021-இல்தான் ஆட வந்தேன். சிறு குழுவாக உள்ளே சென்று எதிரிகளை வெல்லும் டன்ஜன்களில் நூறாவது முடித்திருப்பேன். வணக்கம் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்பு எல்லாரும் பேசிக்கொண்டார்கள் என்பது உண்மையா, அல்லது பழைய ஆட்டக்காரர்களின் ஏக்கமா?

ஏக்கம் இருப்பது உண்மைதான் தம்பி. ஆனால் பேசிக்கொண்டோம் என்பதும் உண்மை. 2006-இல் பிளாக்ராக் டெப்த்ஸ் என்ற டன்ஜனுக்குப் போவது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அயர்ன்ஃபோர்ஜ் நகரில் நின்றுகொண்டு, "டேங்க் ஒருவர் தேவை" என்று சாட்டில் அரை மணி நேரமாவது எழுதிக்கொண்டிருப்போம். டேங்க் என்பவர் எதிரியின் அடிகளைத் தன்மேல் தாங்கிக்கொள்பவர். ஐந்து பேர் சேர்ந்த பிறகு, பறவைமேல் ஏறிப் பறந்து, இறங்கிய இடத்திலிருந்து மலை வாசல்வரை தரைவழியாகப் போக வேண்டும். உள்ளே நுழைந்தாலும் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மந்திரம் போடத் தேவையான என் மானா தீர்ந்துவிடும். அது மறுபடி ஏற, மேஜ் என்ற மந்திரவாதி வகுப்பைச் சேர்ந்த ஒருவர் உண்டாக்கித் தந்த தண்ணீரைக் குடித்தபடி இருபது, முப்பது நொடிகள் தரையில் உட்கார்ந்திருப்பேன். விசைப்பலகையில் கைகள் சும்மா இருக்கும் நேரம் அதுதான். "உங்கள் ஊரில் இப்போது மணி என்ன?" என்ற கேள்வி அந்த முப்பது நொடிகளில்தான் பிறக்கும்.

அன்றைய மனிதர்கள் இன்றைய மனிதர்களைவிட அன்பானவர்களாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவரையொருவர் சார்ந்திருக்க வேண்டிய கட்டாயமும், செய்ய வேறெதுவும் இல்லாத சிறுசிறு இடைவெளிகளும் அன்று இருந்தன. அவை இரண்டும் போனபின், பேச வேண்டிய சந்தர்ப்பமே இல்லாமல் போயிற்று.

கேள்வி: இந்த மாற்றம் எப்போது நடந்தது என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியுமா?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைப் பொறுத்தவரை, 2009 டிசம்பரில் 3.3 என்ற பதிப்புடன் வந்த டன்ஜன் ஃபைண்டரைச் சொல்வேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்: பல சர்வர்களின் (ஆட்ட உலகின் தனித்தனிப் பிரதிகள்) ஆட்டக்காரர்களைக் கலந்து ஐவர் குழுவை அதுவே அமைத்து, நேராக டன்ஜனுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். முடிந்ததும் நின்ற இடத்திலேயே திரும்ப வந்து நிற்பீர்கள்.

நேரம் மிச்சமானது பெரிய நன்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதோடு ஒன்று கைநழுவிப் போனது. அதற்கு முன் ஒரு சர்வர் என்பது ஏறத்தாழ ஒரு சிற்றூரைப் போன்றது. தனக்கு உரிமையில்லாத பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவரை 'நிஞ்சா' என்போம். அவருடைய பெயர் இரண்டே நாளில் சர்வர் முழுக்கப் பரவும், பிறகு எந்தக் குழுவும் அவரைச் சேர்க்காது. அதுபோலவே பொறுமையான டேங்க் ஒருவரின் பெயரும் பரவும். அவர் இணைந்ததும் வாழ்த்துகள் குவியும். நல்ல பெயரும் கெட்ட பெயரும் அங்கே செல்லுபடியாயின. இனி வாழ்நாளில் பார்க்கவே போகாத நால்வருடன் இருபது நிமிடங்கள் ஆடும்போது, நல்லவராக இருப்பதால் இலாபமும் இல்லை, முரடராக இருப்பதால் நட்டமும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011-இல், ரெய்டு ஃபைண்டர் வந்து 25 அந்நியர்களை இதே முறையில் ஒன்றுசேர்த்தது.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. இது குறித்து முறையான ஆய்வுகள் உண்டா? உங்கள் கருத்தோடு அவை ஒத்துப்போகின்றனவா?

முழுவதும் ஒத்துப்போகவில்லை, அதனாலேயே இந்தக் கேள்வியை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன். நிக்கோலா டுஷெனோ, நிக் யீ, எரிக் நிக்கல், ராபர்ட் மூர் ஆகிய நால்வர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஆட்டத்தில் பலர் மற்றவர்கள் சூழ இருந்தபடியே தனியாகத்தான் ஆடுகிறார்கள் என்று கண்டது. சுற்றியிருப்பவர்கள் கூட்டாளிகளாக இல்லாமல், நாம் செய்வதைப் பார்க்கும் அவையோராகவும் நாம் வேடிக்கை பார்க்கும் காட்சியாகவும் இருந்தார்கள். டன்ஜன் ஃபைண்டர் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வு இது என்பதைக் கவனியுங்கள். ஆகவே, "ஒரு பொத்தான் வந்தது, எல்லாம் கெட்டது" என்று நான் எழுதினால் அது பிழையாகிவிடும். ஏற்கெனவே தொடங்கியிருந்த ஒன்றை அந்தப் பொத்தான் விரைவுபடுத்தியது என்பதே சரி.

பேச வைப்பதற்காகவே திட்டமிட்டு அமைத்த இடங்களும் எப்போதும் பலன் தந்துவிடவில்லை. 2003-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ் ஆட்டத்தில், சண்டையால் களைத்தவர்கள் மதுக்கூடத்துக்கு வந்து, ஆட்டக்காரர்களே ஆடும் நடனத்தையும் இசையையும் ரசித்தால்தான் களைப்பு தீரும். அருமையான எண்ணம் அது. ஆனால் நடனமாடுபவர்களில் பலர் கட்டளைகளைத் தானாக இயக்கும் மேக்ரோ ஒன்றை ஓடவிட்டு எழுந்து போய்விடுவார்கள். வற்புறுத்திக் கூட்டிவைத்தால் மட்டும் உரையாடல் வந்துவிடாது.

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். இரவில் நாற்பது நிமிடங்கள் கிடைத்தால் பெரிது. டேங்க் தேடியே அரை மணி நேரம் போக வேண்டும் என்று ஏங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. பழைய ஆட்டங்களைப் போற்றி எழுதுபவர்கள், நான் உட்பட, பெரும்பாலும் அன்று கல்லூரி மாணவர்கள். நேரம் எங்களிடம் கொட்டிக் கிடந்தது. 1999-இல் வந்த எவர்குவெஸ்டில் இறந்தால், அணிந்திருந்த பொருள்கள் அனைத்தும் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். வெறும் உடம்போடு திரும்பிப் போய் மீட்க வேண்டும், அல்லது உதவிக்கு யாரையாவது கெஞ்ச வேண்டும். மானா ஏறுவதற்கு மந்திரப் புத்தகத்தைத் திறந்துவைத்து உட்கார வேண்டும். தொடக்க லெவல்களில் அந்தப் புத்தகம் காட்சியையே மறைத்துவிடும், சாட் வரிகளைத் தவிரப் பார்க்க வேறொன்றும் இருக்காது. நண்பர்கள் கிடைத்தார்கள், ஆனால் அதற்காக மாலைப்பொழுதுகளை முழுதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு அந்த வாசல் மூடியே இருந்தது. டன்ஜன் ஃபைண்டர் அதைத் திறந்தது. அதை மறுபடி மூட வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

கேள்வி: பேச்சு குறையவில்லை, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலிக்கு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதானே?

பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் திண்ணையில் பேசுவதற்கும் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. திண்ணைப் பேச்சில் வழிப்போக்கரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பேரன்ஸ் என்ற புல்வெளியில், மேன்க்ரிக் என்ற பாத்திரம் தரும் தேடல் பணிக்காக, "மேன்க்ரிக்கின் மனைவி எங்கே இருக்கிறாள்?" என்று நாள்தோறும் யாராவது கேட்பார்கள்; யாராவது சலிக்காமல் வழி சொல்வார்கள். இன்று அந்தக் கேள்விக்குத் தேடுபொறி பதில் சொல்கிறது. நண்பர்கள் தனி அறையில் பேசிக்கொள்கிறார்கள். புதிதாக வருபவருக்குக் காது கொடுத்துக் கேட்க ஒரு பேச்சும் இல்லை.

கேள்வி: இப்போது கணினியே துணைவர்களைத் தருகிறதே?

ஆம். ஃபைனல் ஃபேன்டசி 11 ஆட்டத்தில் 2013-இலும், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2024 ஜனவரியிலும் இந்த வசதி வந்தது. கூச்சப்படுபவர்களும் திட்டு வாங்க அஞ்சுபவர்களும் நிம்மதியாகக் கற்றுக்கொள்ள இது உதவுகிறது. ஆனால் ஃபைனல் ஃபேன்டசி 14 செய்திருக்கும் இன்னொரு காரியம் என்னை அதிகம் கவர்கிறது. அங்கே புதியவரின் பெயருக்கு அருகில் ஒரு சிறு தளிர் தெரியும். முதன்முறையாக வரும் ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் வெகுமதி உண்டு. ஆட்டம் முடிந்ததும் உடன் ஆடியவர்களில் ஒருவருக்குப் பாராட்டு ஒன்றை வழங்கலாம். அந்நியர்களின் குழுதான், ஆனாலும் புதியவரைச் சுமையாகப் பார்க்கும் மனநிலை அங்கே வெகுவாகக் குறைவதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: 2019-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தை மீட்டுத் தந்த கிளாசிக் சர்வர்கள் வந்தபோது பழைய உறவுகளும் திரும்பி வந்தனவா?

முதல் சில வாரங்கள் வந்தன. ஒரே அரக்கனைக் கொல்ல நூற்றுக்கணக்கானோர் வந்தபோது, யாரும் சொல்லாமலே வரிசையில் நின்று முறை பார்த்துப் போனார்கள். அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் நாங்கள் பதினைந்து ஆண்டுகளின் அறிவைச் சுமந்துகொண்டு அங்கே போயிருந்தோம். எந்தப் பொருள் எங்கே கிடைக்கும், எந்த வகுப்பு எத்தனை சதவீதம் கூடுதலாக அடிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை. சில மாதங்களில், பொற்காசு கொடுத்து மேஜ் ஒருவரின் பின்னால் நின்றபடியே லெவல் ஏற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

கேள்வி: "முகம் தெரியாதவர்களோடு என்ன நட்பு" என்று என் அப்பா கேட்கிறார். என்ன சொல்வது?

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் பற்றிச் சொல்லுங்கள். தசைகளைச் சிதைக்கும் டுஷேன் நோயோடு வாழ்ந்து, 2014-இல் தம் 25-ஆம் வயதில் மறைந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டதாகப் பெற்றோர் எண்ணியிருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் தந்தை மரணச் செய்தியை எழுதியதும், ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் உடன் ஆடிய கில்ட் நண்பர்கள் சிலர் விமானம் ஏறி இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். ஸ்டார்லைட் என்ற அந்த கில்டில் ஒரே மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் சந்தித்துப் பேசினார்கள்.

கேள்வி: நான் ஒரு சிறிய ஸ்டுடியோவில் ஆட்டங்களை வடிவமைக்கிறேன். ஒரே ஒரு மாற்றம் செய்யச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

மீண்டும் சந்திக்க வையுங்கள். காத்திருப்பைத் திருப்பிக் கொண்டுவர வேண்டியதில்லை. மேலே எழுதிய அந்தத் தாய்க்கு நாற்பது நிமிடங்கள்தான் இருக்கின்றன. குழு அமைக்கும் நிரல், உலகம் முழுவதும் தேடுவதற்கு முன், நேற்று இவரோடு சண்டையின்றி ஆடியவர்கள் யாராவது இப்போது இணைப்பில் இருக்கிறார்களா என்று பார்க்கட்டும். இருந்தால் அவர்களையே சேர்க்கட்டும். மூன்றாம் முறை அதே ஹீலர் வரும்போது, "மறுபடியும் நீங்களா!" என்று யாராவது ஒருவர் எழுதுவார்.