மறு: எஸ்பிஐஆர் மானியத்தின் பலனை அளப்பது எப்படி?
எஸ்பிஐஆர் (SBIR, சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கான அமெரிக்க அரசுத் திட்டம்) மானியம் வாங்கிய நிறுவனங்களை வாங்காதவற்றோடு ஒப்பிட்டேன் என்கிறீர்கள். அது செல்லாது, தேறும் நிறுவனத்துக்குத்தானே மானியமே கிடைக்கிறது, அது பணமில்லாமலும் வளர்ந்திருக்கும். நிராகரிக்கப்பட்டவர்களின் தரவரிசையும் வேண்டும் (பொதுவில் கிடைக்காது, மானியம் தரும் அரசுத் துறையிடம் அனுமதி வாங்கணும்). ஒவ்வொரு போட்டியிலும் தேர்வுக் கோட்டுக்குச் சற்று மேலும் கீழும் நின்றவர்களை மட்டும் ஒப்பிடுங்கள், அவர்கள் தரத்தில் கிட்டத்தட்ட சமம். அமெரிக்க எரிசக்தித் துறைத் தரவை பொருளியல் ஆய்வாளர் சப்ரினா ஹோவெல் 2017இல் இப்படித்தான் அலசினார்: சுமார் 1,50,000 டாலர் முதல்கட்ட மானியம், துணிகர முதலீடு (venture capital) கிடைக்கும் வாய்ப்பை 10%இலிருந்து 19% ஆக்கியது. பல மடங்கு பெரிய இரண்டாம் கட்டத் தொகையால் அதில் பெரிய மாற்றமில்லை!

மானியத்திலேயே காலம் தள்ளும் பழைய கைகளைத் தனியாகப் பிரியுங்கள். மூடிப்போன நிறுவனங்களைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடாதீர்கள். வருவாய் பூஜ்யம் என்றே போடுங்கள்.